ரெட்யூசர் மாட்டியபின் படம் கெட்டால்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

சிறிய தொலைநோக்கியில் வானத்தைப் படம் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் ஃபோக்கல் ரெட்யூசர், அதாவது தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிக் குவியத்தொலைவைக் குறைக்கும் வில்லை, வாங்கிவிடுகிறார்கள். 8 அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன் தொலைநோக்கியின் குவியத்தொலைவு 2032 மி.மீ., எஃப் எண் (குவியத்தொலைவைத் தொலைநோக்கியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) 10. அதில் 11.3 மி.மீ. சதுரச் சென்சார் உள்ள கேமராவை நேராக மாட்டினால் வானத்தில் 19 ஆர்க் நிமிட (ஆர்க் நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகலம் மட்டுமே படத்துக்குள் வரும். முழுநிலாவின் குறுக்களவில் அது ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். இடையில் 0.63 மடங்கு ரெட்யூசர் வந்தால் குவியத்தொலைவு 1280 மி.மீ. ஆகக் குறைகிறது, பார்வைப் பரப்பு 30 ஆர்க் நிமிடமாக விரிகிறது, நெபுலா போன்ற பரந்த பொருள்களிலிருந்து ஒவ்வொரு பிக்சலிலும் சேரும் ஒளி இரண்டரை மடங்காகிறது.

ஆனால் மாட்டிய முதல் இரவிலேயே மூலை நட்சத்திரங்களுக்கு வால் முளைத்துவிடும், அல்லது ஓரங்கள் இருண்டு கிடக்கும், அல்லது ஃபோகசே கிடைக்காது. வில்லை மட்டமானது என்று முடிவு கட்டி அதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். பெங்களூரு அல்சூரில் என் வீட்டு மொட்டை மாடியிலும், அமாவாசையை ஒட்டி ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாகப் போய்ச் சேரும் ஜவ்வாது மலையிலும் இந்தக் கருவியோடு மல்லுக்கட்டியதில் நான் உறுதியாகக் கண்டது ஒன்று உண்டு: பழுதுகளில் பெரும்பகுதி கண்ணாடியில் இருப்பதில்லை, கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள மில்லிமீட்டர்களில் இருக்கிறது. அந்த மில்லிமீட்டர்கள் எங்கே தவறின என்பதைப் படத்தில் தெரியும் அறிகுறியைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எதையும் கழற்றுவதற்கு முன்

ரெட்யூசரின் மேல் 0.63 என்றோ 0.8 என்றோ அச்சிட்டிருந்தாலும் அது அந்த வில்லைக்குப் பிறவியிலேயே அமைந்த எண் அன்று. ரெட்யூசர் அடிப்படையில் ஒரு குவிவில்லை. சென்சார் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தே குறைப்பு அமைகிறது. அந்தத் தூரத்தை வில்லையின் குவியத்தொலைவால் வகுத்து, வருவதை ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பதே குறைப்பு மடங்கு. ஒன்றேகால் அங்குலக் குழாயில் திருகும் மலிவான 0.5 மடங்கு ரெட்யூசரின் குவியத்தொலைவு ஏறத்தாழ 100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், சென்சார் 50 மி.மீ. தள்ளி இருக்கும்போதுதான் அது 0.5, 30 மி.மீ. தள்ளி இருந்தால் அதே வில்லை 0.7 ஆகிவிடும், 60 மி.மீ. என்றால் 0.4 ஆகிவிடும். தூரம் கூடக்கூடக் குறைப்பும் கூடும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகவே விளங்கிவிடும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் கருவியின் உண்மையான குவியத்தொலைவை அளப்பது. வானில் எந்தப் பகுதியையாவது 10 விநாடி படம் எடுத்து, ஆஸ்டாப் போன்ற மென்பொருளில் கொடுத்து நட்சத்திர அமைப்பைக் கண்டறியச் செய்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் செகண்டு (ஆர்க் நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) என்று அது சொல்லும். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.265 ஆல் பெருக்கி, அந்த ஆர்க் செகண்டு எண்ணால் வகுத்தால் குவியத்தொலைவு மி.மீ. கணக்கில் வந்துவிடும். என் கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான். முதல் முறை அளந்தபோது மென்பொருள் 0.58 என்றது, கணக்கிட்டால் 1337 மி.மீ., அதாவது குறைப்பு 0.63 அன்று, 0.66. குறைப்பு போதவில்லை என்றால் சென்சார் வேண்டிய தூரத்தைவிட வில்லைக்கு நெருக்கமாக இருக்கிறது என்று பொருள். ஒரு திருகைக்கூடத் தொடாமல் இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது. ஷ்மிட்-காசெக்ரெய்னில் ஃபோகஸ் செய்யும்போது முதன்மை ஆடியே நகர்வதால் தொலைநோக்கியின் சொந்தக் குவியத்தொலைவும் சற்று மாறும். எனவே இந்த எண்ணைத் திசைகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, கடைசி மில்லிமீட்டர் வரை அதை நம்பக் கூடாது.

அறிகுறி: ஃபோகஸ் கிடைக்கவே இல்லை

ஃபோகசரை உள்ளே திருகத் திருக நட்சத்திர வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து, புள்ளியாகும் முன் ஃபோகசர் முட்டி நின்றால், உள்நகர்வு போதவில்லை. ரெட்யூசர் ஒளிக்கூம்பை விரைவாகக் குவிப்பதால் குவியம் தொலைநோக்கியை நோக்கி வந்துவிடுகிறது. அதைப் பிடிக்கக் கேமராவும் உள்ளே போக வேண்டும். 55 மி.மீ. தூரத்தில் வேலை செய்யும் 0.8 ரெட்யூசருக்கு இந்தத் தேவை ஏறத்தாழ 14 மி.மீ.; மேலே சொன்ன 0.5 ரெட்யூசருக்கோ 50 மி.மீ. வேண்டும். வில்லையால் ஆன சிறிய ரிஃப்ராக்டர்களிலும் ஆடியால் ஆன 130 மி.மீ. நியூட்டோனியன்களிலும் பெரும்பாலும் இவ்வளவு இடம் கிடையாது. டயகனலை (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் துணைக்கருவி) எடுத்துவிட்டீர்களா, ஃபோகசருக்குப் பின்னால் நீட்டிப்புக் குழாய் ஏதும் மறந்து கிடக்கிறதா என்று பார்த்த பிறகும் கிடைக்கவில்லை என்றால், அந்த ரெட்யூசர் அந்தக் குழாய்க்கு ஒத்துவராது என்பதை ஏற்றுக்கொள்வதே நல்லது. குழாயை அறுப்பவர்களும் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு நேர்மாறாக, வெளியே இழுக்க இழுக்க வட்டம் சிறுத்து, கடைசியில் இழுப்பு போதாமல் நின்றால், நீட்டிப்புக் குழாய் வேண்டும். அதை எங்கே சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ரெட்யூசருக்கு முன்னால், தொலைநோக்கியின் பக்கம் சேர்க்கும் குழாய் ஃபோகஸ் நிலையை மட்டும் மாற்றும். ரெட்யூசருக்கும் கேமராவுக்கும் நடுவே சேர்க்கும் குழாய் குறைப்பு மடங்கையும் மூலை நட்சத்திரங்களையும் சேர்த்து மாற்றிவிடும். ஃபோகஸ் சிக்கலுக்கு முன்பக்கம், மூலைச் சிக்கலுக்குப் பின்பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இந்தச் சோதனையைப் பகலிலேயே மாடியிலிருந்து தொலைவில் தெரியும் செல்போன் கோபுரத்தின் மீது செய்து பார்க்கலாம். பூமியில் உள்ள பொருளுக்குக் கிடைக்கும் ஃபோகஸ் நட்சத்திரத்துக்கு உரியதைவிடச் சற்று வெளியே இருக்கும் என்பதால், கோபுரத்துக்கே உள்நகர்வு போதவில்லை என்றால் நட்சத்திரத்துக்கு நிச்சயம் போதாது.

அறிகுறி: நான்கு மூலைகளிலும் ஒரே அளவுக்கு நட்சத்திரங்கள் நீள்கின்றன

நடுவில் புள்ளியாகவும், ஓரம் செல்லச்செல்ல நீண்டும், நான்கு மூலைகளிலும் ஒன்றுபோலவும் இருந்தால், ரெட்யூசருக்கும் சென்சாருக்கும் இடைப்பட்ட தூரம் பிழை. இந்தத் தூரத்தைப் பேக் ஃபோகஸ் என்கிறோம். எந்தப் பக்கம் பிழை என்பதை நீட்சியின் திசை சொல்லும். மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வெளிநோக்கி நீண்டிருந்தால் பெரும்பாலும் சென்சார் நெருக்கமாக இருக்கிறது. தூரத்தைக் கூட்ட வேண்டும். மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக, கோலத்தில் வட்டம் இழுத்தது போல நீண்டிருந்தால் பெரும்பாலும் சென்சார் தள்ளி இருக்கிறது, குறைக்க வேண்டும். வில்லை அமைப்புக்கு அமைப்பு இது மாறக்கூடும் என்பதால், 1 மி.மீ. ஷிம் (மெல்லிய இடைவளையம்) ஒன்றைச் சேர்த்துப் பார்த்து, நீட்சி கூடுகிறதா குறைகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே மற்றதைச் செய்ய வேண்டும்.

வேண்டிய தூரம் எவ்வளவு? சிறிய ரிஃப்ராக்டர்களுக்கான ரெட்யூசர்கள் பலவற்றுக்கு 55 மி.மீ. இந்த எண் எஸ்எல்ஆர் கேமராக்களிலிருந்து வந்தது: கேனான் இஓஎஸ் உடலின் முகப்பிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ., கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி ரிங்கின் தடிமன் 11 மி.மீ., ஆக 55. செலஸ்ட்ரானின் எஃப்/6.3 ரெட்யூசருக்கு 105 மி.மீ.; 50 மி.மீ. நீளமுள்ள டி அடாப்டரும் அதே 55-உம் சேர்ந்தது அது. ஆகையால் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் எதையும் கணக்கிடாமலே சரியான தூரத்தை அடைந்துவிடுகிறார்கள். மிரர்லெஸ் கேமராவுக்கும் தனி வானியல் கேமராவுக்கும் மாறியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சோனி இ மவுண்டில் சென்சார் முகப்பிலிருந்து 18 மி.மீ. ஆழத்திலேயே இருக்கிறது; மீதி 37 மி.மீ. அடாப்டரிலிருந்து வர வேண்டும். குளிரூட்டப்பட்ட வானியல் கேமராக்கள் பலவற்றில் இந்த ஆழம் 17.5 மி.மீ., சிலவற்றில் 6.5 மி.மீ.

கணக்கிடும்போது மூன்று இடங்களில் கை தவறும். முதலாவது, அளவைக் கண்ணாடியின் பரப்பிலிருந்து எடுப்பது. ரெட்யூசரின் பின்புறத் திருகு முடியும் தோள்பட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டாவது, ஆண் திருகின் நீளத்தையும் சேர்த்து எண்ணுவது. அது அடுத்த வளையத்துக்குள் மறைந்துவிடுவதால் கணக்கில் வராது. மூன்றாவது, ஃபில்டரை மறப்பது. ரெட்யூசருக்கும் சென்சாருக்கும் இடையே நிற்கும் கண்ணாடி, தன் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளும், 3 மி.மீ. ஃபில்டர் என்றால் 55 வேண்டிய இடத்தில் 56 வேண்டும். கேமராவின் 17.5, ஃபில்டர் சக்கரத்தின் 20, நீட்டிப்பின் 16.5 ஆகியவற்றைக் கூட்டினால் 54 வருகிறது. ஒரு மில்லிமீட்டர்தானே குறைகிறது என்று நினைப்போம், உண்மையில் இரண்டு குறைகிறது. எஃப்/5 ரிஃப்ராக்டரில் பெரிய சென்சாருக்கு அந்த இரண்டு மில்லிமீட்டரே மூலையைக் கெடுத்துவிடும். எஃப்/6.3 ஷ்மிட்-காசெக்ரெய்னில் சிறிய சென்சார் என்றால் அதே பிழை கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

வளையங்களின் மேல் பொறித்திருக்கும் எண்ணை நம்பாமல் வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொன்றையும் அளந்துவிடுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் காலிப்பர் இதற்குத் தாராளமாகப் போதும். சரிசெய்யும் முறை இது: தலைக்கு மேலே, நட்சத்திரம் அடர்ந்த பகுதியில் 5 முதல் 10 விநாடி வரை படம் எடுக்க வேண்டும், அதைவிட நீண்டால் பின்தொடர்தல் பிழை கலந்துவிடும். ஃபோகசைப் படத்தின் நடுவில் பிடிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் ஷிம் ஒன்றைச் சேர்த்து, ஃபோகசை மீண்டும் பிடித்து, அதே பகுதியை மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தூரத்தை எழுதிவைத்தால், ஐந்தாறு படங்களை மறுநாள் கணினியில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எது நல்லது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். இரவிலேயே திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எல்லா மூலையும் நன்றாகத்தான் தெரியும்.

தூரம் சரியாக இருந்தும் மூலை நட்சத்திரம் விசிறி போல விரிந்து தெரிந்தால், அது கோமா எனப்படும், தொலைநோக்கிக்கே உரிய ஒளியியல் பிழை. பழைய வகை ஷ்மிட்-காசெக்ரெய்ன்களுக்கு உரிய எஃப்/6.3 ரெட்யூசர் அதைத் திருத்தவும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. மலிவான 0.5 வில்லை அதைத் திருத்தாது. அதைச் சிறிய சென்சாரோடு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

அறிகுறி: ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும் கெடுகிறது

இது தூரப் பிழை அன்று, சாய்வு. சென்சார் ஒளி அச்சுக்குச் செங்குத்தாக நிற்கவில்லை. எங்கே சாய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கேமராவை மட்டும் 180 பாகை திருப்பி மீண்டும் படம் எடுங்கள். திருப்பிய பிறகும் படத்தின் அதே மூலை கெட்டிருந்தால் சாய்வு கேமராவுக்குள்ளோ, அதனோடு சேர்ந்து திரும்பிய வளையங்களிலோ இருக்கிறது. எதிர் மூலைக்கு இடம் மாறினால் சாய்வு ஃபோகசரிலோ ரெட்யூசரின் இருக்கையிலோ இருக்கிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையில் வாங்கிய எம்42 வளையம் மூன்று சுற்று ஏறியதும் இறுகிவிட்டது. புதுத் திருகு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து அதை அப்படியே விட்டேன். ஜவ்வாது மலையில் இரண்டு இரவுகள் எடுத்த படங்கள் அனைத்திலும் இடது மேல் மூலை இழுத்துக்கொண்டு நின்றது. கேமராவைத் திருப்பினாலும் அதே மூலைதான். கடைசியில் ஒரு ஸ்பேசர் கடைந்து தரச் சொல்லிப் பீன்யாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனபோது, அங்கிருந்த தர்மபுரிப் பக்கத்துத் தம்பி வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிட்சை, அதாவது திருகில் அடுத்தடுத்த புரிகளின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜின் பல் ஒன்றை எடுத்துத் திருகின் மேல் வைத்தார். பல்லுக்கும் திருகுக்கும் இடையில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. அடுத்த பல்லை வைத்தார், வெளிச்சம் அடைந்தது.

"அண்ணே, இது ஒண்ணு பிட்ச்சு. உங்க கேமராவுல இருக்கிறது முக்கா பிட்ச்சு. மூணு சுத்துக்கு மேல ஏறாது, ஏத்துனா கோணிக்கிட்டுத்தான் நிக்கும்."

வானியல் கருவிகளில் புழங்கும் டி திருகு 42 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. பிட்ச். பழைய ஸ்க்ரூ மவுண்ட் கேமரா லென்ஸ்களின் திருகும் 42 மி.மீ. விட்டம்தான், ஆனால் பிட்ச் 1 மி.மீ. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விரலால் திருகினால் தெரியும்: சரியான வளையம் கடைசிச் சுற்று வரை வழுக்கிக்கொண்டு போகும். அன்றே எம்42 முக்கால் பிட்சில் அலுமினிய வளையம் ஒன்று அவர் கடைந்து தந்தார். முகப்பு இரண்டும் இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னபோது, வேலைப்பொருளைச் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முகப்பையும் திருகையும் முடித்ததை அருகில் நின்று பார்த்தேன். ஸ்பேசர் செய்யச் சொல்பவர்கள் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு தடவையாகப் பிடித்துக் கடைந்தால் இணைத்தன்மை போய்விடும்.

எதிர் மூலைக்கு இடம் மாறும் சாய்வில், திருகு இல்லாமல் இரண்டங்குலக் குழாயைச் செருகி ஒற்றைப் பக்கத்துத் திருகால் இறுக்கும் அமைப்புதான் முதலில் சந்தேகத்துக்கு உரியது. கேமராவின் எடை அதைத் தொங்க வைக்கும். தொலைநோக்கி உச்சியைப் பார்க்கும்போது சரியாகவும், தாழ்வாகப் பார்க்கும்போது மோசமாகவும் இருந்தால் அதுவேதான். பெங்களூரு அட்சரேகையில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து தன் உச்ச நிலையிலும் அடிவானிலிருந்து 30 பாகையைத் தாண்டுவதில்லை. அதை எடுக்கும்போது தெரியும் சாய்வு, தலைக்கு மேலுள்ள பொருளில் தெரியாது. முடிந்த இடத்திலெல்லாம் செருகுக் குழாயைக் கைவிட்டுத் திருகு இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: ஓரங்கள் இருண்டிருக்கின்றன

இருட்டு மெல்ல மெல்லக் கூடுகிறதா, கத்தியால் வெட்டியது போல வட்ட விளிம்போடு நிற்கிறதா என்று பாருங்கள். மெல்லக் கூடுவது ஒளியியலின் இயல்பு. சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்து ஒளி வேறுபாட்டைத் திருத்த உதவும் ஃபிளாட் படங்களால் சரியாகிவிடும். விளிம்போடு நிற்பது ஏதோ ஓர் உலோக வளையமோ சிறிய ஃபில்டரோ ஒளிக்கூம்பைக் கடிப்பதால் வருவது. அதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஒன்றேகால் அங்குல மூக்குக் குழாய் இடையில் இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்த வேண்டும்.

ரெட்யூசர் பார்வையை விரிக்கிறது என்றாலும், தொலைநோக்கி தரும் ஒளிவட்டத்தை அதே விகிதத்தில் சுருக்குகிறது. சிறிய மக்சுடோவ் வகைத் தொலைநோக்கி ஒன்றின் பின்துளை 27 மி.மீ. என்று கொள்வோம், 0.63 ஆல் பெருக்கினால் 17 மி.மீ. 16 மி.மீ. மூலைவிட்டமுள்ள சென்சார் அதற்குள் அடங்கும்; 28 மி.மீ. மூலைவிட்டமுள்ள ஏபிஎஸ்-சி சென்சார் அடங்கவே அடங்காது. கேமரா வாங்குவதற்கு முன்பே இந்த ஒரு பெருக்கலைச் செய்துவிட்டால் நிறையப் பணம் மிச்சமாகும்.

ஃபிளாட் எடுக்கும்போது ரெட்யூசரும் கேமராவும் படம் எடுத்த அதே நிலையில், அதே கோணத்தில், அதே ஃபோகசில் இருக்க வேண்டும். வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் குழாயின் வாயில் இழுத்துக் கட்டி, விடியற்காலை வானத்தை நோக்கி எடுப்பதே எனக்குச் சிறந்த பலன் தந்திருக்கிறது. வீட்டு விளக்கைப் பயன்படுத்தினால் எக்ஸ்போஷரைச் சில விநாடிகளாவது நீட்டுங்கள். மின்சாரத்தின் துடிப்பு குறுகிய எக்ஸ்போஷரில் பட்டைகளாக விழும்.

அறிகுறி: படம் முழுவதும் வெளுத்துப் போகிறது

எஃப்/10-க்கு 120 விநாடி கொடுத்துப் பழகியவர்கள் எஃப்/6.3-க்கும் அதையே கொடுக்கிறார்கள். நெபுலாவின் ஒளி மட்டும் இரண்டரை மடங்காவதில்லை. பெங்களூரு வானத்தின் ஒளியும் இரண்டரை மடங்காகிறது. 120-ஐ ஏறத்தாழ 48 விநாடியாகக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ரெட்யூசர் ஒளி மாசை வெல்லும் கருவி அன்று.

அறிகுறி: ஒளி வளையங்கள், பேய் நிழல்கள், தூசு வட்டங்கள்

பிரகாசமான நட்சத்திரத்துக்கு மையத்தின் எதிர்ப்புறத்தில் மங்கலான வட்டு ஒன்று தெரிந்து, நட்சத்திரத்தை நகர்த்தினால் அது எதிர்த்திசையில் நகர்ந்தால், சென்சாரிலிருந்து திரும்பிய ஒளி ரெட்யூசரின் ஏதோ ஒரு பரப்பில் பட்டு மீண்டும் வருகிறது. ஓரியனின் அல்நிடாக் இதற்கு நல்ல சோதனைப் பொருள். சுடர் நெபுலாவை எடுக்கும் யாரும் அதைத் தவிர்க்க முடியாது. நட்சத்திரத்தைச் சுற்றியே வளையம் தெரிந்தால் பெரும்பாலும் ஃபில்டரில்தான் குற்றம். ஃபில்டரின் பளபளப்பான முகத்தை வானத்தின் பக்கம் திருப்பிவைத்துப் பாருங்கள்.

தூசு வட்டங்களை வைத்துத் தூசு எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இந்தக் கணக்கை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனெனில் தேவையில்லாமல் எதையும் துடைப்பதிலிருந்து அது நம்மைக் காப்பாற்றுகிறது. வட்டத்தின் விட்டத்தைப் பிக்சலில் எண்ணி, பிக்சல் அளவால் பெருக்கி, எஃப் எண்ணால் பெருக்குங்கள். 3.76 மைக்ரான் பிக்சலில் 80 பிக்சல் அகல வட்டம் என்றால் 0.30 மி.மீ.; அதை 6.3 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.9 மி.மீ. சென்சாரிலிருந்து அவ்வளவு நெருக்கத்தில் இருப்பது கேமராவின் மூடு கண்ணாடிதான். 700 பிக்சல் வட்டம் என்றால் 16.6 மி.மீ.; அங்கே ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ரெட்யூசர் வில்லையின் மேல் இருக்கும் தூசு அதைவிடப் பல மடங்கு தொலைவில் இருப்பதால் அதன் வட்டம் பெரிதாக விரிந்து மங்கிவிடும், பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே ரெட்யூசரைத் துடைக்க வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும்.

ஃபிளாட் செய்த பிறகும் படத்தின் நடுவில் வட்டமான வெளிச்சம் தேங்கி நின்றால், குழாயின் உட்சுவரில் ஒளி சறுக்கி வருகிறது. நீட்டிப்பு வளையங்களின் உட்புறத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்தாலே பளபளப்பு தெரியும். மங்கலான கறுப்புப் பெயின்டோ கறுப்பு வெல்வெட் துணியோ அதைத் தீர்க்கும். மாடியில் எடுப்பவர்கள் தெருவின் எல்இடி விளக்கு நேராகக் குழாய் வாயில் விழாதபடி கறுப்புச் சார்ட் தாளால் நீண்ட மறைப்பு ஒன்றைச் சுற்றிக்கொள்வது நல்லது.

அறிகுறி: மென்பொருளால் இடத்தைக் கண்டறிய முடியவில்லை

நேற்று வரை சரியாக வேலை செய்த இடங்காணல் ரெட்யூசர் மாட்டியதும் தோற்றால், அமைப்பில் பழைய குவியத்தொலைவே இருக்கிறது. 2032-ஐ அழித்து 1280 என்று எழுதுங்கள். பின்தொடர்தலைத் திருத்தும் கைடிங் மென்பொருளிலும் ரெட்யூசருக்குப் பின்னால் கைடு கேமரா இருந்தால் அதே திருத்தம் வேண்டும்.

அறிகுறி: முன்னிரவில் கூர்மை, பின்னிரவில் மங்கல்

வெப்பநிலை இறங்க இறங்கக் குழாய் சுருங்கி ஃபோகஸ் நகரும்; மணிக்கு ஒரு முறை திருத்த வேண்டும். ஆடி நகரும் தொலைநோக்கியில் கடைசித் திருப்பம் எப்போதும் இடஞ்சுழியாக, ஆடியை ஈர்ப்புக்கு எதிராக மேலே தள்ளுவதாக முடிய வேண்டும். இல்லையேல் ஆடி மெல்லச் சரியும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரில் பனி இறங்கும்போது முன்கண்ணாடியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். திறந்துவைத்த ரெட்யூசரின் மேலும் ஈரம் படியும். கேமராவைக் கழற்றினால் உடனே மூடி போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் பஞ்சுறை பொதித்த பெட்டியில் பீரோவுக்குள் வைத்த வில்லைகளில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

ரெட்யூசர் மேல் சுமத்தக் கூடாத பழிகள்

படத்தின் நடு, ஓரம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா நட்சத்திரங்களும் ஒரே திசையில் நீண்டிருந்தால் அது பின்தொடர்தல் பிழை. நம் ஊரில் துருவ நட்சத்திரம் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; பக்கத்துக் கட்டடமோ மரமோ அதை மறைத்துவிடுவதால் துருவச் சீரமைப்பு குறைபட்டே அமைகிறது. ரெட்யூசர் குவியத்தொலைவைக் குறைத்து அந்தப் பிழையைச் சற்று மறைக்கத்தான் செய்யும், உண்டாக்காது.

ஏற்கெனவே புலத்தைச் சமப்படுத்தும் வில்லை உள்ளே இருக்கும் தொலைநோக்கியில் இன்னொரு பொதுவான ரெட்யூசரை மாட்டினால் மூலைகள் கெடுவதும் ரெட்யூசரின் குற்றம் அன்று. செலஸ்ட்ரானின் எட்ஜ் எச்டி வரிசைக்கு அதற்கென்றே தனியாக 0.7 மடங்கு ரெட்யூசர் உண்டு, பழைய எஃப்/6.3 அதற்கு உரியதன்று. சமப்படுத்தும் வில்லை உள்ளேயே அமைந்த பெட்ஸ்வால் வகையைச் சேர்ந்த ரெட்கேட் 51 போன்ற தொலைநோக்கிகளுக்கு எதையும் சேர்க்கவே வேண்டாம். ஒரு ரெட்யூசருக்குப் பின்னால் இன்னொன்றை அடுக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டின் தூரக் கணக்கும் ஒன்றையொன்று குலைத்துவிடும். சரியான இடத்தில் வைத்த ரெட்யூசர் மட்டமான கருவி இல்லை என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது: ஹோசகோட்டையில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வளாகத்திலிருந்து இயக்கப்படும் லடாக்கின் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தியிருக்கும் எச்எஃப்ஓஎஸ்சி என்ற படமும் நிறமாலையும் எடுக்கும் கருவியும் ரெட்யூசர் வகையைச் சேர்ந்ததுதான்.

அறிகுறி: வளையங்கள் கழலவில்லை

ஷிம் சேர்ப்பதற்கு முன்னால் இதைச் சந்திக்காதவர்கள் குறைவு. குளிரில் இறுகிய மெல்லிய அலுமினிய வளையத்தை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு அது நீள்வட்டமாக நசுங்கித் திருகு மேலும் கடிக்கும். குறடு வேண்டாம். இரண்டு கைகளிலும் சமையலறை ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, வளையத்தின் சுற்றளவு முழுவதையும் உள்ளங்கையால் மெல்ல அணைத்து, அழுத்தாமல் திருப்புங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பழைய சைக்கிள் டியூப் துண்டு இரண்டை வளையங்களைச் சுற்றி இறுக்கி, அதன் மேல் பிடியுங்கள். கழன்றதும் திருகை உலர்ந்த தூரிகையால் துடைத்து, அடுத்த முறை விரல் நுனியின் இறுக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.